ஒரே ஒரு பிரபஞ்சத் தொடர் பார்க்கலாம் என்றால் எது?

வானியல் ஆவணத் தொடர் பார்க்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். திரையில் ஓர் எண் வந்தால் படத்தை நிறுத்திவிட்டு, "இது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்பேன். ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்கிறார்களா? சரி, நாடா பிடித்து அளந்தது யார்? அடுத்த பத்து நிமிடத்துக்குள் தொடரே பதில் சொல்லிவிட்டால் எழுந்து போகாமல் பார்ப்பேன். பதில் சொல்லாமல் அடுத்த வெடிப்புக்குத் தாவிவிட்டால் அது வாணவேடிக்கை. வாணவேடிக்கை பார்ப்பது தப்பில்லை. ஆனால் முடிந்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது.

சென்ற மாதம் அக்கா மகன் போன் செய்தான். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். "மாமா, கருந்துளையப் பத்தி மூணு டாக்குமென்டரி பாத்துட்டேன். யாராவது கேட்டா ரெண்டு வரி கூடச் சொல்லத் தெரியல. ஒரே ஒரு சீரிஸ் சொல்லுங்க, லீவு முடியறதுக்குள்ள பாத்து முடிச்சிடறேன்." ஐந்து கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஒன்று என்றதும் வாய் அடைத்துவிட்டது. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் பழைய தொடர்களைத் தூசி தட்டி மறுபடி பார்த்ததன் விளைவு இது.

கடைசிச் சுற்றுக்கு நான்கு வந்தன. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் 1980 ஆம் ஆண்டுத் தொடரான காஸ்மோஸ். அதே பெயரில் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் 2014-இல் தொகுத்து வழங்கிய புதிய காஸ்மோஸ். பிபிசிக்காக பிரையன் காக்ஸ் செய்த தொடர்கள்: 2010-இல் வொண்டர்ஸ் ஆஃப் தி சோலார் சிஸ்டம், 2011-இல் வொண்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ், 2019-இல் தி பிளானட்ஸ். கடைசியாக, 2010-இல் டிஸ்கவரியில் தொடங்கிப் பல சீசன்கள் ஓடிய ஹவ் தி யுனிவர்ஸ் வொர்க்ஸ்.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தொடங்குவது அதில்தான். அதன் முதல் சீசனைப் பாடத்திட்டம்போல் பிரித்திருக்கிறார்கள். பெருவெடிப்பு, கருந்துளை, கேலக்ஸி, விண்மீன், சூப்பர்நோவா, கோள்கள், சூரியக் குடும்பங்கள், நிலாக்கள் என்று எட்டு எபிசோடு. எந்தத் தலைப்பு வேண்டுமோ அதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், முன்கதை தெரிய வேண்டியதில்லை. மிஷல் தாலர், மிச்சியோ காக்கு என்று விஞ்ஞானிகள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உற்சாகமாகப் பேசுவார்கள்.

அந்த உற்சாகம்தான் சிக்கல். இது விளம்பர இடைவேளைக்காக வெட்டித் தைத்த தொடர். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் ஒரு பயமுறுத்தல், இடைவேளைக்குப் பின்பு அதுவரை சொன்னதன் சுருக்கம். விளம்பரம் இல்லாமல் தொடர்ச்சியாகப் பார்த்தால் ஒரே வாக்கியத்தை மூன்று முறை கேட்பதுபோல் இருக்கும். முக்கால் மணி நேர எபிசோடில் உண்மையான சரக்கு அரை மணி நேரம் தேறினால் பெரிது. நான் கேட்கும் "எப்படித் தெரிந்தது" என்ற கேள்விக்கும் ஒரு விஞ்ஞானியின் முகமே பதிலாக வந்து நிற்கிறது: அவர் சொல்கிறார், நம்பு. மூன்று டாக்குமென்டரி பார்த்தும் என் மருமகனுக்கு இரண்டு வரி சொல்லத் தெரியாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. ஏற்கெனவே ஓரளவு விஷயம் தெரிந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க அருமையான தொடர். முதல் தொடராக வேண்டாம். ஹிஸ்டரி சேனல் 2007-இல் தொடங்கிய தி யுனிவர்ஸ் தொடருக்கும் இதே தீர்ப்புதான். அதில் அலெக்ஸ் ஃபிலிப்பென்கோ வரும் இடங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். வானியலாளர்; கையில் கிடைத்த பொருளை வைத்தே விளக்கிவிடுவார்.

இப்போது சேகன்.

பதின்மூன்று எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆன் டிரூயன், ஸ்டீவன் சோட்டர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதியது. கற்பனைக் கப்பலின் உள்ளே அவர் நின்றுகொண்டு வெளியே பார்த்து வியக்கும் காட்சிகள் இன்று சற்றே சிரிப்பூட்டும். கிராபிக்ஸ் நாற்பது வருடத்துக்கு முந்தையது, அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வான்கெலிஸின் இசை மட்டும் இன்னும் பழையதாகவில்லை.

முதல் எபிசோடிலேயே பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் வந்துவிடுகிறார். எகிப்தின் தெற்கே சயீன் என்ற ஊரில் நடுப்பகலில் குச்சிக்கு நிழல் விழவில்லை. அதே நாள், அதே நேரம், வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் நிழல் விழுகிறது. பூமி தட்டையாக இருந்தால் இரண்டு குச்சிக்கும் ஒரே மாதிரி நிழல்தானே விழ வேண்டும்? சேகன் ஓர் அட்டையைக் கையில் எடுத்து வளைத்துக் காட்டுகிறார். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 7 பாகை. 360-இல் அது ஐம்பதில் ஒரு பங்கு. ஊர்களுக்கிடையே 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் 40,000. பூமியின் சுற்றளவு வந்துவிட்டது. இரண்டு குச்சி, ஒரு நிழல், நடந்து அளக்க ஓர் ஆள், இவ்வளவுதான் கருவி. நான் நிறுத்திக் கேள்வி கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது!

மூன்றாவது எபிசோடு கெப்ளருக்கு. கோள்களின் பாதைகளை ஐந்து வடிவியல் திண்மங்களுக்குள் பொருத்திவிடலாம் என்று அவர் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர். வானியலாளர் டைக்கோ பிராஹேயின் அளவீடுகள் கைக்கு வந்தபோது, செவ்வாயின் பாதையை வட்டத்துக்குள் அடக்கப் பார்த்தார். கிட்டத்தட்டப் பொருந்தியது. மிஞ்சிய பிழை 8 கலை, அதாவது முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு. வேறு யாராக இருந்தாலும் அளந்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். கெப்ளர் தன் வட்டத்தைத் தூக்கி எறிந்தார். நீள்வட்டம் அங்கேதான் பிறந்தது. ஓர் ஆள் தான் ஆசையாக வளர்த்த எண்ணத்தைத் தானே கொல்வதை ஒரு மணி நேரக் கதையாக்கி, அதில் ஒருவரும் சலித்துக்கொள்ளாதபடி சொல்வது சின்ன வேலையில்லை.

கேலக்ஸிகளுக்காகவே பார்ப்பவர்கள் நேராகப் பத்தாவது எபிசோடுக்குப் போகலாம். மில்ட்டன் ஹியூமசன் என்பவர் அதில் வருகிறார். மவுண்ட் வில்சன் மலை மேல் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதே ஆய்வகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, தொலைநோக்கியை இயக்கப் பழகி, கடைசியில் எட்வின் ஹபிளுடன் சேர்ந்து தொலைதூர கேலக்ஸிகளின் நிறமாலையை, அதாவது ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறப் பட்டையை, படமெடுத்தவர். எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகிப் போகிறது என்ற முடிவு இரவு இரவாகக் குளிரில் உட்கார்ந்து எடுத்த அந்தக் கண்ணாடித் தகடுகளிலிருந்து வந்தது. "பிரபஞ்சம் விரிகிறது" என்று ஒரு குரல் அறிவிப்பதற்கும், விரிவைக் கண்ணால் கண்டவர் யார் என்று காட்டுவதற்கும் இடையிலான வித்தியாசம் இந்தப் பத்து நிமிடம்தான்.

அதே எபிசோடில் சேகன் சோழர் கால நடராசர் சிலையைக் காட்டி, தோன்றி ஒடுங்கி மீண்டும் தோன்றும் பிரபஞ்சம் என்ற எண்ணத்தைப் பேசுகிறார். விரிவு ஒருநாள் நின்று எல்லாம் திரும்பச் சுருங்குமா என்பது அன்று திறந்து கிடந்த கேள்வி. 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, அளந்த இரு குழுக்கள் விரிவு வேகம் கூடிக்கொண்டே போவதைக் கண்டுபிடித்தன. 2011-இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் அதற்காக நோபல் கிடைத்தது. எனவே அந்தப் பகுதியைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய புகழ்பெற்ற பிரபஞ்ச நாட்காட்டியும் 1,500 கோடி ஆண்டுகளை ஓராண்டாகச் சுருக்கியது. இன்றைய கணக்கு 1,380 கோடி. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள் ஒன்றுகூட அன்று தெரியாது. இன்று ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

எண்கள் பழசாகிவிட்டன, உண்மைதான். ஆனால் எரடோஸ்தனீஸின் நிழல் பழசாகாது. இன்னொரு வசதி: சேகன் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஆங்கிலம் ஓரளவே பழகியவர்களுக்குச் சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டு ஓடும் அவஸ்தை இல்லை.

2014-இல் வந்த புதிய காஸ்மோஸ் பார்க்க அழகு. ஆன் டிரூயன் இதிலும் இருக்கிறார், ஆலன் சில்வெஸ்ட்ரியின் இசை, பழைய கப்பலுக்குப் பதில் பளபளக்கும் புதிய கப்பல். நாட்காட்டியை 1,380 கோடிக்குத் திருத்திவிட்டார்கள். வரலாற்றுக் காட்சிகளை நடிகர்களை வைத்து எடுக்காமல் அனிமேஷனாகச் செய்திருக்கிறார்கள். சிலருக்கு இது பிடிக்கும். எனக்கு அந்த அனிமேஷன் முகங்கள் ஒட்டவில்லை.

ஆனால் எட்டாவது எபிசோடுக்காக இந்தத் தொடருக்கு நான் நிறைய மன்னிப்பேன். ஹார்வர்ட் ஆய்வகத்தில் நிறமாலைகளை வகைப்படுத்திய ஆனி ஜம்ப் கேனன், அந்த வகைப்பாட்டுக்குப் பொருள் கண்டுபிடித்த சிசிலியா பெய்ன். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று பெய்ன் 1925-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அது இருக்க முடியாது என்றார். நான்கு ஆண்டு கழித்து அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐந்தாவது எபிசோடில் இப்னு அல் ஹய்தமில் தொடங்கி ஃபிரான்ஹோஃபர் வரை வரும் ஒளியின் கதையும் அப்படித்தான். அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பது எதனால் ஆனது என்று தொடாமலே எப்படிச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிடும்.

முதல் எபிசோடில், பிரபஞ்சத்துக்கு எல்லையே இல்லை என்று சொன்ன துறவி ஜியோர்டானோ புரூனோவுக்குக் கொடுத்த நேரம்தான் இடிக்கிறது. 1600-இல் அவரை எரித்தது உண்மை. ஆனால் வழக்கில் இறையியல் குற்றச்சாட்டுகள்தான் அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். அவர் விஞ்ஞானி அல்ல, அவர் சொன்னது அதிர்ஷ்டவசமான ஊகம் என்று டைசனே தொடரில் சொல்கிறார். பிறகு ஏன் கலிலியோவை விட்டுவிட்டு இவர்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிரையன் காக்ஸ் வேறு ஜாதி. துகள் இயற்பியலாளர், அதற்கு முன் ஒரு பாப் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். மலை உச்சியில் நின்று தூரத்தைப் பார்த்துப் புன்னகைப்பதை அவருடைய முத்திரை என்று கேலி செய்பவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஹெலிகாப்டர் காட்சிகளை எல்லாம் வெட்டினால் ஒவ்வொரு எபிசோடும் பத்து நிமிடம் குறையும். 2011-இல் வொண்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் ஓடியபோது, பின்னணி இசை பேச்சை விழுங்குகிறது என்று பார்வையாளர்கள் புகார் செய்து, பிபிசி இசையின் அளவைக் குறைத்தது. காக்ஸுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. என் ஓட்டு புகார் செய்தவர்களுக்கே.

ஆனால் அவரைப் போல உவமை பிடிக்க ஆள் கிடையாது. நமீபியப் பாலைவனத்தில் உட்கார்ந்து மணல் கோட்டை கட்டுகிறார். ஒரே மணல்தான், ஆனால் கோட்டையாக இருக்க வழிகள் கொஞ்சம், வெறும் குவியலாக இருக்க வழிகள் கோடி. காற்று அடித்தால் கோட்டை குவியலாகும், குவியல் கோட்டையாகாது. காலம் ஏன் ஒரே திசையில் ஓடுகிறது என்பதை இதைவிட எளிதாக நான் எங்கும் பார்த்ததில்லை. பெரிய விண்மீன் தன்மேல் தானே சரிவதைக் காட்ட, ரியோ டி ஜெனீரோவில் இடிக்கப்போகும் பழைய சிறைச்சாலைக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தகர டப்பா. வொண்டர்ஸ் ஆஃப் தி சோலார் சிஸ்டத்தின் முதல் எபிசோடு, டெத் வேலி பாலைவனம். டப்பாவில் தண்ணீர், அதற்குள் ஒரு தெர்மாமீட்டர், மேலே நிழலுக்கு ஒரு குடை. குடையை எடுத்துவிட்டு, தண்ணீர் எத்தனை நேரத்தில் எத்தனை பாகை சூடேறுகிறது என்று பார்க்கிறார். டப்பாவின் மேல் விழும் வெயிலின் பரப்பு தெரியும், தண்ணீரின் எடை தெரியும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் என்று கணக்கு வருகிறது. சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். வழியில் காற்றுமண்டலம் தடுத்ததையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தூரத்தை ஆரமாகக் கொண்ட கோளம் முழுவதற்கும் பெருக்கினால் சூரியன் நொடிக்கு நொடி கொட்டும் ஆற்றல் கிடைக்கும்: ஏறத்தாழ நான்குக்குப் பின்னால் இருபத்தாறு பூஜ்யம் போட்ட வாட். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1830-களில் இதே முறையில்தான் அளந்தார். வாணவேடிக்கைக்கு நேர் எதிர் ஒன்று உண்டென்றால் இந்தக் குடையும் டப்பாவும்தான்.

2019-இல் வந்த தி பிளானட்ஸ் தொடர் அதைவிடப் பளபளப்பு, ஐந்து எபிசோடு. காசினி விண்கலம் 2017-இல் சனிக்குள் பாய்ந்து முடியும் வரை சேர்த்த தகவல், 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்பிய புளூட்டோவின் படங்கள், எல்லாம் அதற்குக் கைகொடுத்திருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. வியாழன் ஆரம்ப நாட்களில் சூரியனை நோக்கி உள்ளே வந்து, பிறகு சனி இழுத்ததால் திரும்பிப் போனது என்ற கதையைப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் காட்டுகிறார்கள். அது கணினி மாதிரியிலிருந்து வந்த கருதுகோள். நல்ல கருதுகோள்தான், ஆனால் 2010-இல் டப்பாவை வைத்து அளந்து காட்டிய அதே மனிதர் இங்கே "இப்படித்தான் நடந்தது" என்று சொல்லும்போது என் கை நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறது.

தொடர் எவ்வளவு பழசு என்று சட்டென்று தெரிய வேண்டுமா? கருந்துளையை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குளியல் தொட்டியின் ஓட்டையில் நீர் சுழன்று இறங்குவதுபோல் ஒரு புனல் தெரிந்தால் பழசு. நடுவில் இருள், சுற்றிலும் மேலும் கீழுமாக வளைந்த ஒளி வளையம் தெரிந்தால் புதுசு. வேடிக்கை என்னவென்றால், அந்த வளையத்தை பிரெஞ்சு வானியற்பியலாளர் ழான் பியர் லூமினே 1979-லேயே கணினியில் கணக்கிட்டு, மைப் புள்ளிகளாகக் கையால் வரைந்து வெளியிட்டுவிட்டார். சேகனின் தொடர் வருவதற்கும் முந்தைய ஆண்டு! 2019 ஏப்ரலில் எம் 87 கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வந்த பிறகு ஒருவரும் புனல் வரையத் துணியவில்லை.

இந்த வகையில் 2014 காஸ்மோஸும் இளசு அல்ல. ஈர்ப்பலைகள் முதன்முதலில் பிடிபட்டது 2015 செப்டம்பரில். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலையில். நான்கு தொடர்களில் எதை எடுத்தாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். பால்வெளியும் ஆண்ட்ரோமீடாவும் மோதியே தீரும் என்று பல தொடர்கள் அடித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் அது நடக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று குறைத்துவிட்டது. இந்தக் காரணத்தால்தான் "எது புதியது" என்பதை நான் அளவுகோலாக வைத்துக்கொள்ளவில்லை. புதியது பழையதாக ஐந்து வருடம் போதும்.

வண்ணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாத் தொடரிலும் வரும் ஹபிள் தொலைநோக்கி எடுத்த "படைப்பின் தூண்கள்" என்ற வாயு, தூசி மேகப் படத்தில் ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அருகே போய் நின்றால் அப்படித் தெரியாது. இதைச் சொல்லிவிட்டுக் காட்டும் தொடர்கள் அரிது.

நால்வர் அணிக்கு வெளியே இரண்டு பெயர் மட்டும். ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் 2017-இல் வந்த தி ஃபார்தெஸ்ட். 1977-இல் கிளம்பிய இரு வாயேஜர் விண்கலங்களைப் பற்றி, அவற்றைச் செய்தவர்களே பேசும் படம். காலம், வெளி, குவாண்டம் என்று தலை சுற்ற வேண்டும் என்று விரும்பினால் பிரையன் கிரீனின் தி ஃபேப்ரிக் ஆஃப் தி காஸ்மோஸ், நான்கு பாகம். கேலக்ஸிகளை எதிர்பார்த்து அதற்குள் போகாதீர்கள்.

மருமகனுக்குப் போன் செய்தேன். பழைய காஸ்மோஸ் என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. தேடிப் பார்த்திருப்பான் போல, "மாமா, அது அம்மா பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது" என்றான். சரி, அதற்கு முன் ஒரே ஒரு மணி நேரம் காக்ஸின் முதல் எபிசோடைப் பார், பிடித்தால் சேகனுக்குப் போ, பிடிக்காவிட்டால் டைசனின் எட்டாவது எபிசோடோடு நிறுத்திக்கொள் என்று பேரம் பேசி முடித்தேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டான். மொட்டை மாடியில் டப்பா வைத்திருக்கிறான். குடையும் இருந்ததாம். "மாமா, எனக்கு அறுநூறு வாட்டுதான் வருது. மீதி எங்க போச்சு?" நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "டப்பா பளபளன்னு இருக்கு, பாதி வெளிச்சம் பட்டுத் திரும்பிப் போயிருக்குமோ?" என்றான். கறுப்புப் பெயின்ட் அடித்து மறுபடி செய்யப்போகிறானாம். சேகன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறார்.